ஐயம்பேட்டை (காஞ்சிபுரம் மாவட்டம்)

இக்கட்டுரை காஞ்சிபுரம் மாவட்டத்திலுள்ள ஊரைப் பற்றியது. தஞ்சாவூர் மாவட்டத்தில் இதே பெயரில் ஒரு பேரூராட்சி உண்டு.

ஐயம்பேட்டை, தமிழ்நாட்டின் காஞ்சிபுரம் மாவட்டத்தில், வாலாஜாபாத் ஊராட்சி ஒன்றியத்தைச் சேர்ந்த ஓர் ஊர் ஆகும். அய்யம்பேட்டை என்றும் எழுதப்படுகிறது. பட்டுக் கைத்தறி நெசவு இவ்வூரின் மரபுத் தொழிலாகும். காஞ்சிபுரம் பட்டு என்று அறியப்படும் சேலைகள் காஞ்சிபுரம் நகரில் மட்டுமன்றி, ஐயம்பேட்டை, முத்தியால்பேட்டை போன்ற சுற்றுப்புற ஊர்களிலும் நெய்யப்படுகின்றன.

பெயர்

பேட்டை என்னும் சொல் நகரத்தின் புறத்தே அமைந்த வணிக அல்லது தொழிற் குடியிருப்பைக் குறிக்கும். தமிழகத்தில் நெசவாளர் குடியிருப்புகள் பல இப்பின்னொட்டைக் கொண்டுள்ளன.

அமைவிடமும் காலநிலையும்

காஞ்சிபுரத்தையும் வாலாஜாபாத்தையும் இணைக்கும் சாலையில், பாலாற்றுச் சமவெளியில் இவ்வூர் அமைந்துள்ளது. பாலாறு ஆண்டின் பெரும்பகுதி வறண்டிருப்பதால் இப்பகுதியின் வேளாண்மை ஏரிகளையும் கிணறுகளையும் சார்ந்துள்ளது. செங்கல்பட்டு - அரக்கோணம் இருப்புப்பாதை இப்பகுதி வழியே செல்கிறது.

அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழை வேளாண்மைக்கு இன்றியமையாதது, நெசவுக்கோ இடையூறானது. பாவு நூலைத் தெருவில் நீளமாக விரித்துக் கஞ்சியிட்டு வெயிலில் உலர்த்த வேண்டும். மழை நாட்களில் இப்பணி நின்றுவிடும். குழித்தறிகளின் குழிகளில் நீர் ஊறுவதாலும், ஈரப்பதத்தால் நூல் இளகுவதாலும் தறி ஓட்டுவது கடினமாகிறது. சேலைக்குக் கூலி பெறும் நெசவாளருக்கு இந்நாட்களில் வருவாய் குறைகிறது.

நெசவு

சேலைக்கான பட்டு நூல் பெரும்பாலும் கர்நாடகத்திலிருந்தும், சரிகை குசராத்தின் சூரத் நகரிலிருந்தும் வருகின்றன. உடலும் கரையும் வெவ்வேறு நிறத்தில் அமையும் சேலை, கோர்வை முறையில் மூன்று நாடாக்களைக் கொண்டு நெய்யப்படுகிறது. இதற்கு நெசவாளருடன் கரை நாடாவை வீச ஓர் உதவியாளரும் தேவை. முந்தானையின் நிறம் மாறுமிடத்தில் பழைய பாவு இழைகளுடன் புதிய இழைகளை ஒவ்வொன்றாக இணைப்பது பேட்னி எனப்படும்.

காஞ்சிபுரம் பட்டு 2005-06ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது. விசைத்தறிப் போட்டியிலிருந்து கைத்தறியைக் காக்க, 1985ஆம் ஆண்டின் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டம் குறிப்பிட்ட துணி வகைகளைக் கைத்தறிக்கென ஒதுக்கியது.

சமூக மாற்றங்கள்

முற்காலத்தில் கோர்வை உதவியாளராகப் பெரும்பாலும் சிறுவர்களே அமர்த்தப்பட்டனர். முதலாளிகளிடம் பெற்றோர் வாங்கிய முன்பணத்திற்காகத் தறிக்குச் சென்ற சிறுவர்களும் உண்டு. 1986ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டமும் பள்ளிக்கல்வியின் பரவலும் இவ்வழக்கத்தைக் குறைத்தன. ஆயினும் உதவியாளரின் இடம் வேறு ஒருவரால் எளிதில் நிரம்பவில்லை. குடும்பத்தினர் இருவர் சேர்ந்து உழைத்தும் ஒரு சேலையின் கூலியே கிடைப்பதால், தனியொருவர் நெய்யக்கூடிய வகைகளுக்கு நெசவாளர் பலர் மாறினர்.

1990களின் பிற்பகுதி முதல் திருப்பெரும்புதூர், ஒரகடம் பகுதிகளில் தொழிற்சாலைகள் பெருகின. நெசவுக் குடும்பங்களின் இளைஞர்கள் மாதச் சம்பளம் தரும் அவ்வேலைகளை நாடுகின்றனர். இதனால் கோர்வை, பேட்னி ஆகியவற்றை அடுத்த தலைமுறைக்குக் கற்பிப்பது காஞ்சிபுரம் வட்டார நெசவின் முதன்மைச் சிக்கலாக உள்ளது.

திருவிழா

ஆண்டுதோறும் தைப் பொங்கலை ஒட்டி, காஞ்சிபுரம் வரதராசப் பெருமாள் பார்வேட்டை உற்சவத்திற்காக வாலாஜாபாத்தை அடுத்த பழையசீவரத்திற்கு எழுந்தருளுகிறார். வழியிலுள்ள ஊர்களின் மக்கள் பெருமாளை வரவேற்று வழிபடுகின்றனர். பழையசீவரத்திற்கு எதிர்க்கரையில் உள்ள திருமுக்கூடல், பாலாறு, செய்யாறு, வேகவதி ஆகிய மூன்று ஆறுகள் கூடுமிடமாகும்.