வெடிமருந்துக் கந்தகமும் உயிரணுக் கந்தகமும்: சிவகாசித் தொழிற்பகுதியை முன்வைத்து

சிவகாசிப் பட்டாசில் சேரும் கந்தகத்தின் தீங்கு பற்றிய விவாதம் பெரும்பாலும் இரண்டு ஆணைகளைச் சுற்றியே நடந்துவந்திருக்கிறது. தீக்குச்சித் தலை போன்ற சில விலக்குகள் நீங்கலாக, குளோரேட்டுடன் கந்தகம் கலந்த வெடிபொருள்களைத் தடைசெய்த மத்திய அரசின் 1992ஆம் ஆண்டு அறிவிக்கை அவற்றுள் ஒன்று; பேரியம் உப்புகளை விலக்கிப் பசுமைப் பட்டாசுகளுக்கு மட்டும் இடமளித்த உச்ச நீதிமன்றத்தின் 2018 அக்டோபர் 23 தீர்ப்பு மற்றொன்று. முன்னது விபத்தைத் தடுக்க வந்தது. பின்னது ஊர்க்காற்றைக் காக்க வந்தது. இரண்டும் தேவையானவையே எனினும், உடலுக்குள் புகுந்த கந்தகம் அங்கே என்ன ஆகிறது என்ற கேள்விக்கு இவற்றில் விடை இல்லை. உயிர்வேதியியலின் வழியே நோக்கினால், தீங்கை முடிவுசெய்வது கந்தகத்தின் மொத்த எடை அன்று. அது எந்தச் சேர்மமாக, உடலின் எந்தப் பரப்பில், எவ்வளவு நேரத்துக்குள் வந்து சேர்கிறது என்பதே என இக்கட்டுரை வாதிடுகிறது.

தனிமக் கந்தகத்தின் மூலக்கூறு எட்டு அணுக்கள் கொண்ட வளையம். அவ்வணுக்களுக்கு இடையிலான பிணைப்பு கார்பன் அணுக்களின் பிணைப்பைவிட நலிந்தது. ஆகவே ஏறத்தாழ 115 பாகை செல்சியசில் உருகும் கந்தகத்தின் வளையங்கள் 160 பாகையை ஒட்டி அறுந்து நீள் சங்கிலிகளாகின்றன. வெடியுப்பு 75, கரி 15, கந்தகம் 10 என்னும் வழக்கமான விகிதத்தில் அமையும் கருமருந்தில், கந்தகம் எரிபொருளாக இருப்பதோடு கலவை எளிதில் தீப்பற்றவும் துணைநிற்கிறது. கருமருந்து பற்றத் தொடங்கும் கணங்களை 1952இல் ஆராய்ந்த பிளாக்வுட், பவுடன் ஆகியோர், கரியில் எஞ்சியிருக்கும் கரிமப் பொருள்களோடு கந்தகம் வினைபுரிந்து ஹைட்ரஜன் சல்பைடு உண்டாவதை அவ்வினைத்தொடரின் முதற்படிகளுள் ஒன்றாகக் கண்டனர்.

அதே ஹைட்ரஜன் சல்பைடை மனித உடலும் மிகச் சிறிய அளவில் தானே தயாரிக்கிறது. சிஸ்டீன் என்னும் அமினோ அமிலத்தின் நுனியில் கந்தகமும் ஹைட்ரஜனும் இணைந்த தயால் தொகுதி உள்ளது. இரண்டு தயால்கள் ஆக்சிஜனேற்றமுற்றுக் கூடினால் டைசல்பைடும், ஒரு தயாலில் மேலும் ஒரு கந்தக அணு ஏறினால் அதைவிட வினைத்திறன் மிக்க பெர்சல்பைடும் உருவாகின்றன. மூளையில் ஹைட்ரஜன் சல்பைடு நரம்புச் செயலை மாற்றியமைப்பதாக 1996இல் அபே, கிமுரா ஆகியோர் அறிவித்தனர். உயிரணுக்களில் பெர்சல்பைடுகள் கணிசமாக இருப்பதை 2014இல் ஜப்பானின் அகாய்கே குழுவினர் காட்டினர். அளவு மீறினாலோ இதே வாயு உயிரணுச் சுவாசத்தின் இறுதி நொதியான சைட்டோகுரோம் சி ஆக்சிடேசை முடக்கிவிடும். எனவே மைட்டோகாண்ட்ரியா அதைப் பெர்சல்பைடாகவும், பின்னர் சல்பைட்டாகவும் தயோசல்பேட்டாகவும் படிப்படியாக ஆக்சிஜனேற்றி, தீங்கற்ற சல்பேட்டாக வெளியேற்றுகிறது. உடலுக்குக் கந்தகம் அந்நியம் அன்று. அதைக் கையாளும் ஏற்பாடு குறிப்பிட்ட இடங்களில், குறிப்பிட்ட அளவுக்கே அமைந்துள்ளது.

வாதத்தின் மையம் இந்த இட வரம்பில்தான் இருக்கிறது. பட்டாசு எரியும்போது எழும் கந்தக டைஆக்சைடு மூச்சுப்பாதையின் ஈரப்படலத்தில் கரைந்து சல்பைட்டும் பைசல்பைட்டும் கலந்த கரைசலாகிறது. சல்பைட்டு டைசல்பைடுப் பிணைப்பைத் தாக்கி இரண்டாகப் பிளந்து, ஒரு பாதியோடு தான் சேர்ந்து எஸ்-சல்போனேட்டு என்னும் சேர்மமாகிறது. சளியின் புரதங்களைக் கோத்து நிறுத்துவது டைசல்பைடுப் பிணைப்பே என்பதால் இத்தாக்குதல் அற்பமானதன்று. சல்பைட்டை சல்பேட்டாக்கும் சல்பைட்டு ஆக்சிடேஸ் நொதியோ கல்லீரல், சிறுநீரகம், இதயம் ஆகியவற்றில் மிகுந்தும் நுரையீரலில் குறைந்தும் காணப்படுகிறது. மாலிப்டினம் இன்றி இந்நொதி இயங்காது. டியூக் பல்கலைக்கழகத்தில் கே. வி. ராஜகோபாலனும் உடன் ஆய்வாளர்களும் எலிகளுக்கு டங்ஸ்டன் கொடுத்து இந்நொதியைக் குன்றச்செய்து 1973இல் வெளியிட்ட ஆய்வு இவ்விடத்தில் மிகவும் கருதத்தக்கது. நொதி குன்றிய எலிகள் உட்செலுத்திய பைசல்பைட்டுக்கு எளிதில் பலியாயின. ஆனால் மூச்சுத்திணறலால் மரணம் நேரும் அளவுக்குக் கந்தக டைஆக்சைடைச் சுவாசித்தபோது, நொதியின் இருப்பும் இன்மையும் பெரிய வேறுபாட்டை உண்டாக்கவில்லை. மிக உயர்ந்த செறிவில் மட்டுமே வேறுபாடு தென்பட்டது. இரத்தத்துக்குள் வந்த சல்பைட்டுக்குக் கல்லீரல் காவலாகலாம். மூச்சுக்குழலின் பரப்பில் நிகழும் வினைக்கு அக்காவல் எட்டுவதில்லை. ஆஸ்துமா உள்ளவர்களின் மூச்சுக்குழல் சில நிமிடங்களிலேயே சுருங்குவதற்கும், இந்தியாவின் 2009ஆம் ஆண்டுத் தரநிலை 24 மணி நேரச் சராசரியாக ஒரு கன மீட்டருக்கு 80 மைக்ரோகிராம் என்று வரம்பிடுவதற்கும் இடையிலான பொருத்தமின்மை இதனால் விளங்கும். தீபாவளி இரவின் சில மணி நேர உச்சம் நாள் சராசரியில் கரைந்துபோகிறது. உலக சுகாதார நிறுவனம் 10 நிமிடத்துக்கெனத் தனியே 500 மைக்ரோகிராம் வரம்பு வைத்திருப்பது இத்தகைய குறுகிய உச்சங்களைக் கருதியே.

பட்டாசு வெடிக்கும் ஊர்களின் நிலை இது. சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரத் தொழிற்கூடங்களில் மருந்து சலிப்பவரும் கலப்பவரும் குழாய்களில் செலுத்துபவரும் எதிர்கொள்வது வேறு சேர்மம். அங்கே மிதப்பது எரியாத கந்தகத் தூள். அது நீரில் கரையாது என்பதாலேயே சாதுவானது என்று கருதுவது தவறாகும். மனிதச் சிவப்பணுக்கள் தனிமக் கந்தகத்தை ஹைட்ரஜன் சல்பைடாக ஒடுக்குவதை 1998இல் சீர்சியும் லீயும் சோதனைக்கூடத்தில் காட்டினர். இவ்வினையைச் செலுத்துவது உயிரணுக்களில் நிறைந்திருக்கும் தயாலான குளுட்டாதையோன். மூச்சுக்குழலின் ஈரப்படலத்தில் குளுட்டாதையோன் இரத்த நீரில் உள்ளதைவிடப் பல மடங்கு மிகுதி என்பதால், அங்கே படியும் கந்தகத் துகளின் வளையமும் மெல்ல அறுபடும் என்று எதிர்பார்ப்பதே வேதியியலுக்குப் பொருந்தும். எரிந்து முடிந்த கழிவோ மூன்றாவது வகை: அதில் எஞ்சும் பொட்டாசியம் சல்பைடு, ஐப்பசி மழையின் ஈரமும் காற்றின் கார்பன் டைஆக்சைடும் பட்டு ஹைட்ரஜன் சல்பைடை வெளியிடும்.

ஆகவே நாக்பூர் நீரி நிறுவனம் வடிவமைத்த ஸ்வாஸ், ஸ்டார் என்னும் பசுமைப் பட்டாசு வகைகள் கந்தகத்தையும் வெடியுப்பையும் விலக்கியதன் பயனை வாங்குபவரின் தெருவில் குறைந்த புகையைக் கொண்டு மட்டும் மதிப்பிடுவது நியாயமாகாது. கலவை அறையில் குறையும் தூளும் அக்கணக்கில் சேரவேண்டும். அதை அளக்க வழியும் உண்டு: கந்தக டைஆக்சைடைச் சுவாசித்தவரின் இரத்த நீரில் எஸ்-சல்போனேட்டு உயர்வதும், ஹைட்ரஜன் சல்பைடுக்கு ஆட்பட்டவரின் சிறுநீரில் தயோசல்பேட்டு உயர்வதும் முன்பே அறியப்பட்டவை. 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி, கலவை அறையில் உழைப்போரிடமும் பெட்டி கட்டும் பிரிவில் இருப்போரிடமும் இவ்விரு சோதனைகளையும் தீபாவளிப் பருவத்துக்கு முன்னும் உற்பத்தி உச்சத்திலும் செய்து ஒப்பிடலாம். மழைக்காலத்தில் கழிவை அகற்றுவோரையும் அந்த ஆய்வில் தனிப் பிரிவாகச் சேர்ப்பது அவசியம்.