மலைப்புகை போன வழி

"அந்த மலையில் நெருப்பு இருக்கிறது, புகை தெரிகிறதே!"

யார் இப்படிச் சொன்னாலும் நாம் தலையாட்டிவிடுவோம். நம் பழைய தருக்க ஆசிரியர்கள் அப்படி லேசில் விடவில்லை. 'புகையைப் பார்த்தாய், சரி. நெருப்பை நீ பார்க்கவில்லையே! எதை நம்பிச் சொன்னாய்?' என்று மடக்கினார்கள். நூற்றாண்டுக் கணக்கில் மாணவர்களுக்கு முன்னால் வைக்கப்பட்ட இந்த ஒரு வாக்கியம் காஞ்சி, மிதிலை, சீனா, திபெத் என்று அலைந்திருக்கிறது. போன இடமெல்லாம் அதே கேள்வியையும் உடன் கொண்டுபோனது.

கௌதமர் பெயரால் வழங்கும் நியாய சூத்திரம், கி.பி. முதல் சில நூற்றாண்டுகளில் உருப்பெற்ற நூல். ஒரு வாதத்துக்கு ஐந்து உறுப்புகள் வேண்டும் என்பது அதன் கணக்கு. மலைப்புகையை அதில் பொருத்தினால் இப்படி வரும்: இம்மலையில் நெருப்பு உண்டு. ஏனென்றால் புகை உண்டு. எங்கெல்லாம் புகை உண்டோ அங்கெல்லாம் நெருப்பு உண்டு, அடுக்களையைப் போல. இந்த மலையும் அப்படிப் புகையுடையது. ஆகவே இங்கும் நெருப்பு உண்டு.

சுற்றிவளைத்துச் சொல்வதுபோலத் தோன்றும். ஆனால் உயிர்நாடி அந்த மூன்றாவது உறுப்புதான். அன்றாடப் பேச்சில் நாம் முதல் இரண்டை மட்டும் சொல்லி மூன்றாவதை விழுங்கிவிடுகிறோம். 'அவன் தப்பு செய்திருக்கிறான், அதனால்தான் பயப்படுகிறான்' என்கிறோம். பயப்படுகிறவர்கள் எல்லாம் தப்பு செய்தவர்கள் என்ற நம்பிக்கை வாய்க்குள்ளேயே நின்றுவிடுகிறது. வெளியே வராத நம்பிக்கையை எதிராளி எப்படி மறுப்பான்? 'எங்கெல்லாம்' என்று தொடங்கிச் சொல்லிப் பார்க்கும்போதுதான் நமக்கே உறைக்கிறது.

தமிழில் இந்தப் புகையை மணிமேகலையில் பார்க்கலாம். நமக்குப் பழக்கமான மணிமேகலை அமுதசுரபி ஏந்திப் பசி தீர்த்தவள். காப்பியத்தின் 29-ஆம் காதையில் அவள் காஞ்சியில் பௌத்தத் துறவி அறவண அடிகளின் முன் அமர்ந்து தருக்கம் கேட்கிறாள். மலை, புகை, அடுக்களை மூன்றும் அங்கே வருகின்றன. ஐந்து உறுப்புகளையும் எண்ணிச் சொல்லிவிட்டு, கடைசி இரண்டும் மூன்றாவதற்குள்ளேயே அடங்கிவிடும் என்கிறார் அடிகள். பிறகு வாதம் கெட்டுப்போகும் வழிகளை வரிசைப்படுத்துகிறார்: பக்கப்போலி (கூற்றில் வரும் பிழை) 9, ஏதுப்போலி (காரணத்தில் வரும் பிழை) 14, திட்டாந்தப்போலி (எடுத்துக்காட்டில் வரும் பிழை) 10. ஆக மொத்தம் 33. ஆவியா பனியா புகையா என்ற ஐயம் தீருமுன்பே நெருப்பு உண்டு என்று துணிவதும் அவற்றில் ஒன்று.

எனக்கு அந்தக் காதையில் மிகவும் பிடித்த இடம் வேறு. புகையும் நெருப்பும் சேர்ந்திருக்கக் கண்டோம், ஆகவே ஒன்றைக் கொண்டு இன்னொன்றை அறியலாம் என்று ஒருவன் சொன்னால்? ஒருவன் ஒரு சமயம் ஓரிடத்தில் கழுதையையும் கணிகையையும் சேர்த்துப் பார்த்தானாம். பிறகு கழுதையைக் கண்ட இடத்திலெல்லாம் கணிகையும் இருப்பாள் என்று அவன் அனுமானிக்கலாமா? கூடாது. ஒன்று இல்லாத இடத்தில் மற்றதும் இல்லை என்று காட்டினால் போதுமா? நாய்வால் இல்லாத இடத்தில் நரிவாலும் இல்லை என்று கண்டவன், இன்னோரிடத்தில் நரிவாலைப் பார்த்து நாய்வாலும் உண்டு என்று துணியலாமா? அதுவும் கூடாது. சேர்ந்து காணப்படுவது வேறு, ஒன்றையொன்று சார்ந்திருப்பது வேறு என்பதை இதைவிடத் தெளிவாகச் சொன்ன பாடப்புத்தகம் எதையும் நான் பார்த்ததில்லை. உ.வே. சாமிநாதையர் 1898-இல் மணிமேகலையைப் பதிப்பித்ததால் இது நம் கைக்கு வந்தது. வந்தபின்னும் இந்தக் காதையைக் கடினம் என்று ஒதுக்கி வைத்திருக்கிறோம் என்பது எனக்குத் தீராத வருத்தம்.

அடிகள் சொல்லும் அதே 9, 14, 10 கணக்கு, சங்கரசுவாமி எழுதியதாகக் கருதப்படும் நியாயப்பிரவேசம் என்ற வடமொழி நூலிலும் உண்டு. அது பௌத்தத் தருக்க ஆசிரியர் திக்நாகரின் மரபில் வந்த நூல். திக்நாகர் காஞ்சிக்கு அருகில் பிறந்தவர் என்பது திபெத்திய மரபுச் செய்தி. மணிமேகலை திக்நாகருக்கு முந்தியதா பிந்தியதா என்று அறிஞர்கள் நெடுங்காலம் வழக்காடினார்கள். எது முந்தியிருந்தாலும், காஞ்சியில் இந்தப் பேச்சு நடந்தது என்று ஒரு தமிழ்ப் புலவர் எழுதத் துணிந்தது அந்த ஊரின் பெருமையைச் சொல்லும். 7-ஆம் நூற்றாண்டில் சீனத் துறவி யுவான் சுவாங் காஞ்சியைப் பற்றித் தம் பயண நூலில் குறிப்பிட்டார். நாடு திரும்பியபின் 647-இல் அந்த நியாயப்பிரவேசத்தைச் சீன மொழியில் பெயர்த்தார். அங்கிருந்து அது ஜப்பானிய மடங்களுக்கும் போனது.

இங்கேயோ புகைக்கு எதிரிகள் கிளம்பியிருந்தார்கள். கண்ணால் கண்டதை மட்டுமே நம்பும் சார்வாகர்கள் கேட்டது நேரான கேள்வி: உலகத்துப் புகையை எல்லாம் பார்த்துவிட்டாயா? நேற்றையதை, நாளையதை, கடலுக்கு அப்பால் எழுவதை? பார்க்காமல் 'எங்கெல்லாம்' என்று எப்படி வாய் வந்தது? பௌத்தரான தர்மகீர்த்தி, புகை நெருப்பிலிருந்து பிறப்பது, அந்தப் பிறப்புறவுதான் பிணைப்பு என்றார். கழுதைக்கும் கணிகைக்கும் அப்படி ஓர் உறவு கிடையாது.

நியாய மரபினர் வேறொரு கருவியைத் தீட்டினார்கள். அதன் பெயர் உபாதி. 14-ஆம் நூற்றாண்டில் மிதிலையில் கங்கேசர் எழுதிய தத்துவசிந்தாமணியில் அது மிகவும் கூர்மையடைந்தது. வாதத்தைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள்: 'அங்கே நெருப்பு இருக்கிறது, ஆகவே புகையும் இருக்கும்.' கொல்லன் உலையிலிருந்து எடுத்த பழுக்கக் காய்ச்சிய இரும்புக் குண்டில் நெருப்பு உண்டு, புகை இல்லை. புகை வர ஈர விறகு வேண்டும். சொல்லாமல் ஒளிந்திருந்த அந்த ஈர விறகுதான் உபாதி. அதைக் கண்டுபிடிக்க அவர்கள் தந்த அடையாளம் இரண்டு: நீ நிறுவ வந்த பொருள் எங்கெல்லாம் உண்டோ அங்கெல்லாம் அது இருக்கும், நீ காட்டும் காரணம் இருக்கும் எல்லா இடத்திலும் அது இருக்காது.

இன்னோர் எடுத்துக்காட்டும் தருவார்கள். மித்திரை என்பவளின் பிள்ளைகள் எல்லாம் கறுப்பு. வயிற்றில் இருக்கும் பிள்ளையும் மித்திரையின் பிள்ளைதான், ஆகவே அதுவும் கறுப்பாகத்தான் பிறக்கும் என்கிறான் ஒருவன். மறுப்பவன் சொல்கிறான்: முன்பு கர்ப்பமாக இருந்தபோதெல்லாம் அவள் கீரை தின்றாள், கறுப்புக்குக் காரணம் அது. கீரைக்கும் நிறத்துக்கும் தொடர்பில்லை என்பது இன்று நமக்குத் தெரியும். ஆனாலும் 'இதுவரை எல்லாம் இப்படித்தானே' என்று வருகிறவனை நிறுத்தி, 'இதுவரை கூடவே வேறென்ன இருந்தது?' என்று கேட்பது எவ்வளவு பெரிய பழக்கம்!

தேர்வு முடிவுகள் வரும் காலத்தில் நம் ஊர் முச்சந்திகளில் எழும் பெரிய பேனர்களை இந்தக் கேள்வியோடு பாருங்கள். வரிசை வரிசையாகப் பிள்ளைகளின் முகம், கீழே மதிப்பெண். 'இவர்கள் ஜெயித்தார்கள், எங்களிடம் படித்ததால்.' ஒரு பயிற்சி மையம் பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணைப் பார்த்துப் பொறுக்கி எடுத்த பிள்ளைகளுக்குத் தனி வகுப்பு நடத்துகிறது, பேனரில் இருப்பவர்கள் அந்த வகுப்பினர் என்று வைத்துக்கொள்வோம். முன்பே நன்றாகப் படித்தவர்கள் என்ற தகுதி ஜெயித்த அத்தனை பேரிடமும் உண்டு. அங்கே சேரும் எல்லாரிடமும் கிடையாது. கங்கேசரின் இரண்டு அடையாளமும் அப்படியே பொருந்துகின்றன. நகையை அடகு வைத்துக் கட்டணம் கட்டப்போகும் பெற்றோர் கேட்க வேண்டிய கேள்வி இது: பேனரில் இடம்பெறாத பிள்ளைகள் எத்தனை பேர், அவர்கள் என்ன ஆனார்கள்?

மிதிலையிலிருந்து தத்துவசிந்தாமணிச் சுவடியை வெளியே எடுத்துப்போக விடமாட்டார்கள், வாசுதேவ சார்வபௌமர் அதை மனப்பாடம் செய்து வங்கத்து நவத்வீபத்துக்குக் கொண்டுபோனார் என்று ஒரு கதை வழங்குகிறது. தெற்கே வந்தது எளிய வடிவத்தில். ஆந்திரத்து அன்னம்பட்டர் 17-ஆம் நூற்றாண்டில் மாணவர்களுக்காகத் தருக்க சங்கிரகம் எழுதினார். அடுத்த நூற்றாண்டில் திருவாவடுதுறை ஆதீனத்துச் சிவஞான முனிவர் அதைத் தமிழாக்கினார். யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் அச்சேற்றினார். மணிமேகலைக்குப் பிறகு மலைப்புகை மறுபடியும் முழுதாகத் தமிழ் பேசியது சைவ மடத்தின் வழியாக. பௌத்தம் தமிழ்நாட்டில் மங்கிப்போனாலும், வாதம் செய்யும் முறையைக் கொள்ள எந்தச் சமயமும் தயங்கவில்லை.

திபெத்துக்குப் போன கிளை இன்றும் வாய்ப்பேச்சாக உயிரோடு இருக்கிறது. அங்கே மலை மலைக்கணவாய் ஆயிற்று. புகை புகையாகவே இருக்கிறது. 1959-க்குப் பின் அகதிகளாக வந்த துறவிகள் கர்நாடகத்தில் பைலகுப்பேயிலும் முண்ட்கோட்டிலும் தங்கள் பெரிய மடாலயங்களை மீண்டும் எழுப்பினார்கள். அங்கே முற்றத்தில் வாதப் பயிற்சி நடக்கும். பதில் சொல்பவர் தரையில் உட்கார்ந்திருப்பார். கேட்பவர் நின்றபடி, காலைத் தரையில் உதைத்து, வலக்கையை இடக்கையில் ஓங்கித் தட்டிக் கேள்வியை வீசுவார். உட்கார்ந்திருப்பவர் நீட்டிப் பேச முடியாது. 'ஏற்கிறேன்', 'ஏன்?', 'நீ சொல்லும் காரணம் அங்கே இல்லை', 'அந்தக் காரணத்துக்கும் முடிவுக்கும் பிணைப்பில்லை' என்று இப்படிச் சில விடைகளுக்குள்தான் அவர் நிற்க வேண்டும். கடைசி விடை வந்துவிட்டால், 'எங்கெல்லாம்' என்ற அந்த மூன்றாவது உறுப்பை நிறுவும் பொறுப்பு நிற்பவர் தலையில் விழுந்துவிடும்.

இந்தப் படிப்பின் உச்சப் பட்டம் நெடுங்காலம் ஆண் துறவிகளுக்கு மட்டுமே கிடைத்துவந்தது. 2016 டிசம்பரில் முண்ட்கோட்டில் 20 பெண் துறவிகள் முதல் தொகுதியாக அதைக் 'கெஷேமா' என்ற பெயரில் பெற்றார்கள். ஒரு பெண் அமர்ந்து தருக்கம் கேட்டதைக் காப்பியமாக்கிய மொழி நம்முடையது. அந்தப் பட்டமளிப்பு நம் பத்திரிகைகளில் இன்னும் பெரிதாகப் பேசப்பட்டிருக்க வேண்டும்.