ஹெட் ஆபீசுக்கு ஏன் இங்க சண்டை இல்ல? திருத்தணி எல்லையில் ஒரு வரிக் கதை

ஒரு சின்னக் கேள்வியோட ஆரம்பிப்போம். ஹூண்டாய் கார் நம்ம ஊர்ல எங்க தயாராகுது? இருங்காட்டுக்கோட்டைன்னு உடனே சொல்லிடுவீங்க. சரி, அந்தக் கம்பெனியோட இந்தியத் தலைமை அலுவலகம் எங்க இருக்கு? ஹரியானாவுல, குருகிராம்ல. ஃபேக்டரி இங்க, ஹெட் ஆபீஸ் அங்க. அந்த ஹெட் ஆபீஸைச் சென்னைக்குக் கொண்டுவர ஒரு பெரிய போட்டி நடந்ததா உங்களுக்கு ஞாபகம் இருக்கா? எனக்கு இல்ல.

ஆனா அமெரிக்காவுல கதையே வேற. சியர்ஸ்னு ஒரு பழைய கடைத்தொகுதி நிறுவனம். சிகாகோவின் மிக உயரமான கட்டடத்துக்கே ஒரு காலத்தில் அதன் பெயர்தான். 1989இல் அந்த நிறுவனம் இலினாய் மாநிலத்தை விட்டுப் போகப்போகுதுன்னு பேச்சு வந்ததும், மாநில அரசு சலுகைகளைக் கொடுத்து, பக்கத்துலயே ஹாஃப்மன் எஸ்டேட்ஸ் என்ற புறநகர்ல உட்கார வச்சது. 2011இல் மறுபடியும் அதே மிரட்டல். இந்தத் தடவை ஆண்டுக்கு 1.5 கோடி டாலர் அளவுக்கு வரிச்சலுகை. 2018இல் நிறுவனம் திவால். இப்படிப் பணத்தைக் கொட்டி ஒரு தலைமை அலுவலகத்தைப் பிடிச்சு வைக்கறது அங்க பழகிப்போன விஷயம்.

நம்ம முதலமைச்சர்கள் இதுல புத்திசாலிகள்னு முடிவு பண்ணிடாதீங்க. காரணம் வரியில இருக்கு. அமெரிக்காவில் பெரும்பாலான மாநிலங்கள் கம்பெனிகளின் லாபத்துக்குத் தாங்களே வரி போடுகின்றன. இந்தியாவில் அந்த அதிகாரம் மத்திய அரசுக்கு மட்டும்தான். மாநிலத்துக்குக் கிடைப்பது பங்கு மட்டுமே.

அந்தப் பங்கு எவ்வளவுன்னு பார்க்கலாமா? 2021–26க்கான 15ஆவது நிதிக்குழு கணக்குப்படி, செஸ், சர்சார்ஜ் எல்லாம் கழிச்சு மீதமுள்ள வரியில் 41 சதவீதம் எல்லா மாநிலங்களுக்கும் சேர்த்து. அதில் தமிழ்நாட்டின் பங்கு 4.079 சதவீதம். ஒரு கம்பெனி பகிரக்கூடிய கணக்கில் 100 ரூபாய் வரி கட்டினால், தமிழ்நாட்டுக்கு வருவது சுமார் 1 ரூபாய் 67 காசு. அந்தக் கம்பெனியோட ஹெட் ஆபீஸ் அண்ணா சாலையில இருந்தாலும் அதே 1.67தான், மும்பையில இருந்தாலும் அதே 1.67தான். ஊழியர்கள்கிட்ட வாங்குற தொழில்வரியாவது இருக்கேன்னு கேட்டா, ஒருத்தருக்கு ஆண்டுக்கு 2,500 ரூபாய்க்கு மேல் வாங்கக்கூடாதுன்னு அரசியல் சட்டமே உச்சவரம்பு போட்டிருக்கு.

அப்போ மாநிலத்தோட கையில இருந்த பெரிய வரி எது? விற்பனை வரி. அது பிறந்த கதைக்கு நாம திருத்தணி பக்கம் போகணும்.

திருத்தணியும் அதை ஒட்டின கே.ஜி.கண்டிகை மாதிரி ஊர்களும் அப்போ சென்னை மாகாணத்தின் சித்தூர் மாவட்டத்தில் இருந்தன. 1937இல் ஆட்சிக்கு வந்த ராஜாஜி, அதே ஆண்டு சேலத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். 1938இல் அது சித்தூருக்கும் கடப்பாவுக்கும் நீண்டது. கள்ளுக்கடை மூடினா அரசுக் கஜானாவுலயும் ஓட்டை விழும்ல? நிலவரிக்கு அடுத்தபடியா மாகாணத்துக்குச் சோறு போட்டதே சாராய வருமானம்தான். அந்த ஓட்டையை அடைக்க 1939இல் வந்ததுதான் சென்னைப் பொது விற்பனை வரிச் சட்டம். எல்லாப் பொருளுக்கும் பொதுவான விற்பனை வரி இந்தியாவில் முதன்முதலில் வந்தது இங்கதான். அப்புறம் மத்த மாகாணங்களும் அதே வழியில போச்சு.

அடுத்த காட்சி எல்லைச் சண்டை. 1953 அக்டோபர் 1 அன்று ஆந்திர மாநிலம் உருவானப்போ, சித்தூர் மாவட்டம் திருத்தணியோட சேர்ந்து அங்க போச்சு. ம.பொ.சி., மங்கலங்கிழார், திருத்தணி விநாயகம் போன்றவர்கள் வடக்கெல்லைக்காகப் போராடினாங்க. படாஸ்கர் என்பவர் நடுவராக இருந்து வழி சொன்னார். 1959இல் எல்லை மாற்றச் சட்டம் நிறைவேறி, 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி நம்ம பக்கம் வந்தது. பதிலுக்குச் செங்கல்பட்டு மாவட்டத்திலிருந்து சத்தியவேடு பகுதி ஆந்திராவுக்குப் போச்சு. இந்தப் பேரை ஞாபகம் வச்சுக்கோங்க, திரும்ப வரும்.

அதே 1959இல் டெல்லியில் இன்னொரு எல்லையும் மாறியது. கம்பெனிகள் கட்டும் வருமான வரி முழுவதையும் ‘கார்ப்பரேஷன் வரி’ என்று வகைப்படுத்தி, மாநிலங்களுக்குப் பகிரும் தொகுப்பிலிருந்து மத்திய அரசு வெளியே எடுத்துடுச்சு. 2000இல் வந்த 80ஆவது அரசியல் சட்டத் திருத்தம் வரைக்கும் அதில் மாநிலங்களுக்குப் பங்கே கிடையாது. அதாவது ஒரு ஹெட் ஆபீஸ் கட்டுற லாப வரியில மாநிலத்துக்கு ஒரு பைசாகூட இல்ல.

ஆனா ஃபேக்டரி அப்படி இல்ல. 1956ஆம் ஆண்டின் மத்திய விற்பனை வரிச் சட்டப்படி, ஒரு பொருள் வேற மாநிலத்துக்கு விற்றுப் போனால், அது கிளம்பின மாநிலமே வரியை வசூலித்து வைத்துக்கொள்ளலாம். 1975லிருந்து அது 4 சதவீதம். ஸ்ரீபெரும்புதூர்ல செஞ்ச பொருளை லக்னோவுல வாங்குறவர் தமிழ்நாட்டுக்கு வரி கட்டுறார்! 1991க்குப் பிறகு மாநிலங்கள் ஏன் ஃபேக்டரிக்காக அடிச்சுக்கிட்டாங்கன்னு இப்ப புரியுதா? இவ்வளவு வருஷம் வரி வேண்டாம், அவ்வளவு வருஷம் தள்ளிக் கட்டுங்கன்னு ஏலம் விட்டாங்க. ஏலம் எல்லை மீறினதால, விற்பனை வரிச்சலுகையை நிறுத்தணும்னும், 2000 ஜனவரியிலிருந்து ஒரே குறைந்தபட்ச வரி விகிதம்னும் மாநிலங்களே கூடி முடிவு செய்தன. சலுகைகள் ‘வரித் திருப்பம்’, ‘மானியம்’னு வேற பேர்ல தொடர்ந்தன.

அந்த ஏலத்தில் தமிழ்நாடு ஜெயிச்ச பெரிய பரிசு நோக்கியா. 2005இல் ஒப்பந்தம், 2006இல் ஸ்ரீபெரும்புதூரில் உற்பத்தி. சுற்றுவட்டார மாவட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கான இளைஞர்கள், முக்கியமா பெண்கள், கம்பெனி பஸ்ஸுல ஷிப்டுக்குப் போனாங்க. 2013இல் வருமான வரித்துறை சுமார் 2,000 கோடி ரூபாய் கேட்டது. 2014இல் மாநில அரசு, ஏற்றுமதின்னு காட்டின போன்கள் உள்நாட்டுல விற்கப்பட்டதுன்னு சொல்லி 2,400 கோடி ரூபாய் கேட்டது. நோக்கியா மறுத்தது. வழக்குகளால், மைக்ரோசாஃப்ட் நோக்கியாவின் போன் தொழிலை வாங்கினபோது இந்த ஃபேக்டரி கைமாறவில்லை. ஆர்டர் நின்னுச்சு. 2014 நவம்பர் 1 அன்று கதவு மூடியது. பின்லாந்தின் எஸ்போவில் இருந்த ஹெட் ஆபீஸ் பிழைச்சுக்கிச்சு. வேலை போனது இங்க இருந்தவங்களுக்குத்தான்.

அடுத்த சில வாரங்களில் பக்கத்துல இருந்த ஃபாக்ஸ்கானும் உற்பத்தியை நிறுத்தியது. 2015இல் அதே ஃபாக்ஸ்கான் ஷாவ்மி போன்களைத் தயாரிக்க ஆரம்பிச்சது எல்லைக்கு அந்தப் பக்கம், ஸ்ரீசிட்டியில. ஸ்ரீசிட்டி இருப்பது எங்க? சத்தியவேடு வட்டாரத்துல. திருத்தணிக்குப் பதிலா 1960இல் நாம கொடுத்த அதே பகுதி! சென்னையிலிருந்து சுமார் 55 கிலோமீட்டர். துறைமுகம் நம்மளோடது, வரி ஆந்திராவோடது. இசுசுவும் அங்கதான் போச்சு. பின்னாடி ஃபாக்ஸ்கான் ஸ்ரீபெரும்புதூருக்கும் திரும்பி வந்து ஐபோன் செய்யுது. கம்பெனிக்கு இந்தக் கோடு மொழி எல்லை இல்ல, விலைப்பட்டியல்ல ஒரு வரி.

2017 ஜூலை 1, ஜி.எஸ்.டி. வந்தது. எல்லையில லாரிகள் வரிசை கட்டி நின்ன வணிகவரிச் சோதனைச் சாவடிகள் போச்சு. இப்போ வரி போவது பொருள் செய்யுற மாநிலத்துக்கு இல்ல, வாங்குற மாநிலத்துக்கு. அந்த லக்னோ போனோட வரி உத்தரப்பிரதேசத்துக்கே. தமிழ்நாடு ஜி.எஸ்.டி.யைக் கடுமையா எதிர்த்ததுக்கு இது முக்கியக் காரணம். ஐந்தாண்டு இழப்பீடும் 2022 ஜூனில் முடிஞ்சிடுச்சு.

வரி வராட்டியும் போட்டி நிக்கல. 2025 மே மாதம் எல்ஜி நிறுவனம் ஸ்ரீசிட்டியில் சுமார் 5,000 கோடி ரூபாய் ஃபேக்டரிக்கு அடிக்கல் நாட்டியது. அதோட இந்தியத் தலைமை அலுவலகம் நொய்டா பக்கம். இப்போ மாநிலங்கள் தேடுவது வேலைவாய்ப்பு. கொடுப்பது நிலம், மின்சார வரி விலக்கு, முதலீட்டு மானியம். விட்டுக்கொடுக்க விற்பனை வரி இல்லாததால, பட்ஜெட்லேர்ந்து நேராப் பணம் போகுது. முன்னாடி அது வராத வரி. இப்போ அது நாம கட்டின வரி.

சலுகையே கூடாதுன்னு நான் சொல்ல வரல. கே.ஜி.கண்டிகையில் இருக்கும் ஒரு ஐ.டி.ஐ. மாணவருக்கு, ஸ்ரீபெரும்புதூரா ஸ்ரீசிட்டியாங்கறது பஸ் எந்தப் பக்கம் போகுதுங்கற கேள்விதான். ஆனா அடுத்த தடவை ‘இந்தக் கம்பெனியை நாங்க கொண்டு வந்துட்டோம்’னு ஒரு அரசு, எந்த அரசானாலும், சொன்னா மூணு விஷயம் கேளுங்க. ஒரு வேலைக்கு எவ்வளவு பொதுப்பணம் போச்சு? அந்த வேலை எத்தனை வருஷம் நிக்கும்? கம்பெனி பாதியில கிளம்பினா பணம் திரும்ப வருமா?

எல்லை மாற்றச் சட்டத்தை நாடாளுமன்றத்துல எல்லார் முன்னாடியும் விவாதிச்சாங்க. எந்த ஊர் எந்தப் பக்கம்னு பட்டியலே இருந்துச்சு. சலுகை ஒப்பந்தங்களுக்கும் அந்த வெளிச்சம் வேணும். அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.