கோழை எனப்பட்டவர்

உடலிற் பட்ட காயத்துக்கு உலகம் இரங்கும். உள்ளத்திற் பட்ட காயத்தையோ ஏளனஞ் செய்யும். முதலாம் உலக யுத்தம் இவ்வுண்மையைக் கொடிய முறையிலே உணர்த்திற்று.

பிரான்சுப் போர்முனையிலிருந்து வந்த சிப்பாய்கள் பலரது மேனியிலே காயமில்லை. ஆயினும், சிலருக்குக் கண் மங்கிற்று; சிலருக்கு நா எழவில்லை; சிலர் ஓயாது நடுங்கினர்; பலர் உறக்கத்தில் அலறி எழுந்தனர். சார்ள்ஸ் மயர்ஸ் என்னும் அறிஞர் 1915 இல் இதனை 'எறிகணை அதிர்ச்சி' என விவரித்தார். வெடியின் அதிர்வே மூளையைத் தாக்கிற்று என முதலிலே கருதினர். ஆனால், வெடிக்கு அணித்தாக நில்லாதவரிடத்தும் அதே குறிகள் காணப்பட்டன. ஆகவே, தாங்கொணாத அச்சமும் துயரமுமே நோயின் மூலம் என்பது புலனாயிற்று. ஸ்கொத்லாந்திலே கிறெய்க்லொக்காட் வைத்தியசாலையில் றிவர்ஸ் என்னும் வைத்தியர், "மறந்துவிடு" என்று புத்தி புகட்டாது, நோயாளரை மனந்திறந்து பேசவைத்தார்.

இவ்வறிவு இராணுவ நீதிமன்றங்களை எட்டவில்லை. ஹரி பார் என்னும் சிப்பாய் இந்நோய்க்காக ஐந்து மாதம் வைத்தியசாலையிலே இருந்தவன். 1916 ஒக்டோபரிலே அவனைக் கோழை எனத் தீர்ப்பிட்டுச் சுட்டுக் கொன்றனர். அவனுள்ளிட்ட 306 பேருக்குப் பிரித்தானியப் பாராளுமன்றம் மன்னிப்பு வழங்கியது 2006 இலேயே.

1980 இல் அமெரிக்க மனநோய் வைத்தியர் சங்கம் இத்தகைய நோயைத் தன் நோய்ப்பட்டியலிற் சேர்த்தது. நடந்த கொடுமை மீண்டும் கண்முன் தோன்றல், கொடுங்கனவு, அதனை நினைவூட்டுவனவற்றை விலக்கல், சிற்றொலிக்கும் திடுக்கிடல் என்பன அதன் குறிகள். இவை ஒரு மாதத்துக்கு மேல் நீடிப்பின் வைத்தியரை நாடுதல் வேண்டும்.

குறியை அறியாதவர் நோயாளனைக் குற்றவாளியாக்கினர். அறிந்திருந்தால் ஹரி பார் வீடு திரும்பியிருப்பான்.