சீலைத்துண்டும் விமானமும்

 

பின்னேரங்களில் சைக்கிள் கடையில் வேலை பழகும் ஒரு மாணவன் போன கிழமை வகுப்பில் கேட்டான்: "சேர், பைலட் முன்னுக்கு இருந்து பிடியை அசைச்சா, பின்னுக்கு இருக்கிற வால் எப்பிடி அசையுது?"

"நீ கடையில மாத்துற பிறேக் கேபிள் மாதிரித்தான்" என்றேன். வகுப்பு சிரித்தது. ஆனால் நான் பகிடிக்குச் சொல்லவில்லை.

எங்கள் பலாலியையே எடுங்கள். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரித்தானிய விமானப்படை அமைத்த தளம் அது. 1947 டிசம்பர் 10ஆம் திகதி எயார் சிலோனின் முதல் சேவை இரத்மலானையில் புறப்பட்டு, இங்கே இறங்கி, மதராஸ் போனது. அந்த டகோட்டா விமானத்தில் விமானியின் கைப்பலம்தான் உருக்குக் கேபிள்கள், கப்பிகள் வழியாக இறக்கைக்கும் வாலுக்கும் போய்ச் சேர்ந்தது.

விமானங்களில் பாவிக்கும் ஒரு வகைக் கேபிளில் 7 புரிகள், புரிக்கு 19 இழைகள், மொத்தம் 133. ஓரிரு இழை அறுந்தால் கண்ணுக்குத் தெரியாது. அதனால் பரிசோதிப்பவர் ஒரு சீலைத்துண்டால் கேபிளைச் சுற்றிப் பிடித்து, துடைத்துக்கொண்டே போவார். அறுந்த இழை இருந்தால் சீலையில் கொழுவும். கப்பியில் உரசும் இடங்களில்தான் தேய்வு அதிகம். ஆகவே பிடியைக் கடைசி வரை அசைத்து, கப்பிக்குள் மறைந்திருந்த பகுதியையும் வெளியே எடுத்துப் பார்ப்பார். கடற்கரைப் பக்கம் உப்புக் காற்றால் துரு பிடிக்கும். உட்துருவைக் காண கேபிளை வளைத்துப் பார்க்க வேண்டும்.

இழுவையும் சரியாக இருக்க வேண்டும். அலுமினியம் உருக்கை விடக் கூடுதலாக விரியும், கூடுதலாகச் சுருங்கும். மேலே குளிரில் விமானத்தின் உடல் சுருங்க, கேபிள் தளரும். அதனால் அன்றைய வெப்பநிலைக்குரிய அட்டவணையைப் பார்த்து, கருவியால் இழுவையை அளந்து, திருகி முறுக்கி, அது கழராமல் பூட்டுக் கம்பியும் போடுவார்கள்.

இத்தோடு வேலை முடியவில்லை. செய்தவர் அல்லாத இன்னொருவர் வந்து மறுபடி பார்க்க வேண்டும்.

ஏன் என்பதற்கு ஒரு சம்பவம். 2003 ஜனவரி 8ஆம் திகதி அமெரிக்காவின் சார்லட் நகரில் எயார் மிட்வெஸ்ட் 5481 விமானம் எழும்பிய உடனேயே விழுந்தது. இருந்த 21 பேரும் இறந்தார்கள். பின்பக்கம் பாரம் கூடியிருந்தது ஒரு காரணம். மற்றது, இரண்டு நாட்களுக்கு முன்னர் செய்த பராமரிப்பில் வாலின் கேபிள் பிழையாகச் சரிசெய்யப்பட்டிருந்தது. மூக்கைத் தாழ்த்தும் அசைவு ஏறக்குறையப் பாதியாகக் குறைந்துவிட்டது. அந்த வேலையை முதன்முதலாகச் செய்த தொழிலாளிக்குப் பழக்கிக் கொடுத்தவரும், வேலையைப் பரிசோதித்தவரும் ஒரே ஆள். சில படிகளை இருவரும் சேர்ந்தே தவிர்த்தார்கள். விடை எழுத உதவிய வாத்தியாரே பேப்பரைத் திருத்தினால் பிழை பிடிபடுமா?

இது பழைய கதை என்று நினைக்க வேண்டாம். எயார்பஸ் ஏ320 போன்ற விமானங்களில் விமானியின் கட்டளை மின்சமிக்ஞையாகப் போகிறது. ஆனால் 2019 ஒக்டோபர் 17ஆம் திகதி பலாலி யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டபோது சென்னையிலிருந்து வந்திறங்கியது ஏடிஆர் 72. அதன் இறக்கையையும் வாலையும் இயக்குவது இன்றும் கேபிளும் தண்டும்தான். சென்னைக்கு வைத்தியத்துக்கும் கலியாண உடுப்பு எடுக்கவும் போகும் எங்கள் ஆட்களின் உயிர், யாரோ ஒருவர் சீலைத்துண்டோடு குனிந்து நின்ற நேரத்தில் தங்கியிருக்கிறது.

எங்கள் மார்க்கத்தில் இதற்குப் பெயர் அமானிதம். யாரும் பார்க்காத இடத்திலும் ஒப்படைத்ததைச் சரியாகக் காப்பது.

கேள்வி கேட்ட பிள்ளையின் வாப்பா, "இவன் எண்ணெய்க் கையோட திரியிறான்" என்று என்னிடம் குறைப்பட்டார். அவருக்கு நான் சொன்ன பதிலே இந்தப் பதிவு. பிள்ளை பைலட் ஆக வேண்டும் என்று துஆ கேட்கிறோம். அந்த எண்ணெய்க் கைக்கும் ஒரு துஆ கேளுங்கள்.