சிக்கனத்தில் மலர்ந்த எழில்

அழகிய மாளிகை ஒன்று எழும்பும்போது, எங்கோ ஒரு குன்று குறைகின்றது. ஒரு தோப்பு சாய்கின்றது. செங்கற் சூளையில் விறகு எரிகின்றது. அவ்வாறாயின், அழகை நாடுவோர் இயற்கையை இழந்தே தீர வேண்டுமா? இவ்வினாவிற்குத் தம் செயலால் விடையளித்தவர் லாரி பேக்கர்.

இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் 1917-ஆம் ஆண்டு பிறந்த இக்கட்டடக் கலைஞர், தொழுநோயாளர் இல்லங்களை அமைக்கும் பணிக்காக 1945-இல் இந்தியா வந்தார். பின்னர் இமயமலைப் பகுதியான பித்தோராகரில் பல்லாண்டுகள் வாழ்ந்தார். அங்கே மலைவாழ் மக்கள் அருகில் கிடைத்த கல்லையும் மண்ணையும் மரத்தையும் கொண்டே குளிருக்கேற்ற வீடுகளைக் கட்டியிருந்தனர். கற்றுத் தேர்ந்து வந்தவர், அம்மக்களிடம் மீண்டும் மாணவரானார். வீட்டிற்கு வேண்டிய பொருள்கள் ஐந்து மைல் தொலைவிற்குள் கிடைப்பனவாக இருத்தல் வேண்டும் என்ற காந்தியடிகளின் கருத்தும் அவர் நெஞ்சில் வேரூன்றியது.

இக்கொள்கையின் கனியைத் திருவனந்தபுரத்தில் காணலாம். பொருளியல் அறிஞர் கே. என். ராஜ் நிறுவிய வளர்ச்சி ஆய்வு மையத்திற்கு, 1970-களின் தொடக்கத்தில் பேக்கர் கட்டடங்கள் அமைத்தார். செங்கற்களைப் படுக்க வைக்காமல் விளிம்பில் நிறுத்தி, நடுவே வெற்றிடம் விட்டுச் சுவர் எழுப்பினார். இதனால் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு செங்கல் மிஞ்சும்; சூளைக்கு இடும் விறகும் மிஞ்சும். உள்ளே அடைபட்ட காற்று வெயிலின் வெம்மையைத் தடுக்கும். தளத்தின் அடிப்பகுதியில் பழைய ஓடுகளைப் பதித்துச் சிமெண்டின் அளவைக் குறைத்தார். சன்னல்களுக்கு மாற்றாக அமைந்த துளைச் சுவர்கள் தென்றலை உள்ளே விட்டு, ஒளியைத் தரையில் கோலமாக வரைந்தன. மரம் நின்ற இடத்தில் சுவரே வளைந்து வழிவிட்டது. பூச்சில்லாத செங்கல்லின் செம்மையே அணியாயிற்று.

பூசாத சுவரை வறுமையின் அடையாளமென எண்ணியோரும், சிக்கனமான கட்டடம் நிலைக்குமா என ஐயுற்றோரும் இருந்தனர். பேக்கர் 2007-இல் மறைந்தார். அவர் எழுப்பிய அச்சுவர்களோ அரை நூற்றாண்டைக் கடந்தும் நிற்கின்றன.

எனினும், எங்கும் செங்கற் சுவர் எழுப்புவது அவரைப் பின்பற்றுவது ஆகாது. செங்கல்லுக்காக நெல் வயலின் மேல்மண்ணை அகழும் ஊரில் அதுவும் கேடேயாகும். இம்மண் எதைத் தரும், எதைத் தாங்கும் என்று முதலில் கேட்டறிவதே அவர் காட்டிய நெறி. நாளை வீடு கட்டப்போகும் இளைஞர்களே, அக்கேள்வியை இன்றே கேட்கப் பழகுங்கள்.