ரஜூலா முதல் அலாஸ்கா வரை: கப்பலும் தண்டவாளமும்



அண்மைக் காலமாக ஆசிரியர் அறையிலும் பெற்றோர் சந்திப்பிலும் ஒரு பேச்சு அடிக்கடி எழுகின்றது. பினாங்குக்கும் பூக்கெட்டுக்கும் உல்லாசக் கப்பலில் சென்று வந்த குடும்பங்கள், அடுத்து ஒரு குளிர்நாட்டுக் கடலைக் காண ஆசைப்படுகின்றன. பெரும்பாலோர் சொல்லும் பெயர் அலாஸ்கா. ஏழு நாள் கப்பல். அதனுடன் நான்கைந்து நாள் ரயிலிலும் பேருந்திலும் உள்நாட்டுச் சுற்றுலா. முதலில் கப்பலா, முதலில் தரையா, எத்தனைக் கம்பளிச் சட்டை வேண்டும் என்பன போன்ற வினாக்களை என்னிடமும் கேட்கிறார்கள். அவற்றுக்கு விடை கூறுமுன் ஒன்றை நினைவூட்ட விரும்புகிறேன். கப்பலில் வந்து இறங்கி, ரயிலேறி உள்நாட்டுக்குச் செல்வது நமக்குப் புதிதன்று. நம்மில் பலருடைய குடும்ப வரலாறே அப்படித்தான் தொடங்குகிறது.

1886: இரண்டு நிகழ்வுகள்

நான்காம் ஆண்டு மாணவர்களுக்கு வரலாறு தொடங்கும்போது, ஆண்டுகளை மனனம் செய்வதைவிட ஓர் ஆண்டில் உலகின் இரு மூலைகளில் நடந்தவற்றை அருகருகே வைத்துப் பார்க்கச் சொல்வேன். 1886ஆம் ஆண்டு அதற்கு நல்ல எடுத்துக்காட்டு.

அவ்வாண்டு செப்டம்பர் 15ஆம் நாள் கோலாலம்பூருக்கும் கிள்ளான் ஆற்றங்கரையிலுள்ள புக்கிட் கூடாவுக்கும் இடையே சிலாங்கூரின் முதல் ரயில்பாதை திறக்கப்பட்டது. ஆற்றின்மேல் பாலம் கட்டப்பட்டு 1890இல் பாதை கிள்ளான் நகரை எட்டியது. 1901 செப்டம்பர் 15ஆம் நாள் போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகம் திறக்கப்பட்டது. 1972 முதல் அதனைப் போர்ட் கிள்ளான் என்கிறோம். கப்பலிலிருந்து இறங்கியவர் அதே நாளில் கோலாலம்பூருக்கு ரயிலேற முடிந்தது இவ்வாறுதான்.

அதே 1886இல் அமெரிக்கா ஒரு கப்பல் சட்டத்தை இயற்றியது. அந்நாட்டின் இரண்டு துறைமுகங்களுக்கிடையே பயணிகளை ஏற்றிச் செல்லும் உரிமை அந்நாட்டுக் கப்பல்களுக்கே உரியது என்பது அதன் சாரம். இன்றைய பெரிய உல்லாசக் கப்பல்களில் மிகப் பெரும்பாலானவை வேற்று நாட்டுக் கொடியுடையவை. ஆகவேதான் சியாட்டலில் புறப்பட்டு அலாஸ்கா சென்று திரும்பும் கப்பல் வழியில் ஒரு கனடியத் துறைமுகத்தைத் தொடுகிறது. ஒருவழிப் பயணக் கப்பல்கள் கனடாவின் வான்கூவருக்கும் அலாஸ்காவின் சீவர்ட் அல்லது விட்டியருக்கும் இடையே ஓடுகின்றன. மலேசியக் கடப்பிதழ் உடைய நாம் அமெரிக்க விசாவோடு கனடிய விசாவையும் தேட வேண்டியிருப்பதன் காரணம் இந்தப் பழைய சட்டமே.

ரஜூலாவின் தளத்தில்

நம் மூத்தோர் நாவில் இன்றும் நிற்கும் கப்பலின் பெயர் ரஜூலா. 1926இல் கிளாஸ்கோவில் கட்டப்பட்ட இக்கப்பல், பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் நிறுவனத்துக்குச் சொந்தமானது. சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்பது அதன் வழித்தடம். தொடக்கக் காலத்தில் 5,000க்கும் மேற்பட்ட தளப் பயணிகளை ஏற்றிச்செல்ல அதற்கு உரிமம் இருந்தது. தளப் பயணி என்றால் அறை இல்லை, கட்டில் இல்லை. பாயை விரித்த இடமே படுக்கை; டிரங்குப் பெட்டியே தலையணை. நாகப்பட்டினத்தில் பெரிய கப்பல்கள் கரையை அணைய முடியாது. கடலில் நங்கூரமிட்டு நின்ற கப்பலுக்குப் பயணிகள் படகில் சென்று ஏறினார்கள்.

இரண்டாம் உலகப் போரில் படைகளைச் சுமந்த ரஜூலா, போருக்குப் பின் மீண்டும் நம் மக்களைச் சுமந்தது. 1973இல் இந்தியக் கப்பல் கழகத்திற்கு விற்கப்பட்டு, ரங்கத் எனப் பெயர் மாற்றம் பெற்று, அடுத்த ஆண்டே உடைக்கப்பட்டது. அதன் இடத்தில் ஓடிய எம்.வி. சிதம்பரம், 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் தீவிபத்துக்கு உள்ளானது. அத்துடன் இவ்வழித்தடப் பயணிகள் சேவையும் முடிவுக்கு வந்தது. அதன்பின் பிறந்த நம் பிள்ளைகளுக்குத் தமிழகம் என்பது விமானத்தில் நான்கு மணி நேரத் தொலைவு மட்டுமே.

பயணத்தைத் திட்டமிட்டவர் யார்?

இங்கேதான் நாம் சற்று நின்று எண்ண வேண்டும். அன்றைய பயணத்திலும் ஒரு "திட்டம்" இருந்தது. அதனை வகுத்தவர் பயணி அல்லர். ஒப்பந்தக் கூலி முறையில் வந்தவரின் கப்பல் கட்டணம் அவர் தலையில் கடனாக ஏறியது. அதனை உழைத்துக் கழிக்க வேண்டும். அம்முறை மலாயாவில் இந்தியர்களுக்கு 1910இல் ஒழிக்கப்பட்டது. அதற்கு முன்பே, 1907இல், தோட்ட முதலாளிகளிடம் வரி வாங்கி அதிலிருந்து பயணச் செலவைக் கொடுக்கும் குடியேற்ற நிதி சட்டத்தின்வழி ஏற்பட்டது. கங்காணி ஊருக்கு வந்து ஆள் சேர்த்தார். ஆவடியிலும் நாகப்பட்டினத்திலும் இருந்த முகாம்களில் பதிவும் உடற்சோதனையும் நடந்தன. கட்டணக் கடன் நீங்கியது நல்ல மாற்றமே. ஆயினும் எந்தத் தோட்டம், எந்த லயம் என்பதைப் பிறரே முடிவு செய்தனர். 1938இல் இந்திய அரசு உதவிப் பயணத்தில் தொழிலாளர் செல்வதைத் தடை செய்தது. 1953இல் மலாயாவின் குடிநுழைவுச் சட்டம் கதவை மேலும் ஒடுக்கியது.

எல்லாரும் தோட்டத்திற்கே வந்தவர் என்று கருதலாகாது. வணிகர்கள் வந்தனர்; ஆசிரியர்கள் வந்தனர்; யாழ்ப்பாணத்திலிருந்து எழுத்தர்களும் ரயில்வே அலுவலர்களும் வந்தனர். ரயில்வே பணிமனையும் ஊழியர் குடியிருப்புகளும் சூழ பிரிக்பீல்ட்ஸ் வளர்ந்தது. செங்கல் சூளைகளால் பெயர் பெற்ற அவ்வூரைத் தண்டவாளமே தமிழர் பேட்டையாக்கியது. அங்கிருந்த "நூறு வீடு" எனும் ரயில்வே குடியிருப்பு இன்று இல்லை. பழைய ரயில் பெட்டிகள் கோக்கப்பட்ட முற்றத்தின்மேல் 2001இல் கேஎல் சென்ட்ரல் எழுந்தது. விமான நிலையத்திற்குச் செல்ல நாம் பெட்டியை உருட்டிக்கொண்டு நடக்கும் இடத்தில்தான் அன்றைய ரயில்வே தொழிலாளர் வியர்வை சிந்தினர்.

அங்கேயும் தண்டவாளம் இட்டவர்கள்

அலாஸ்காவை அமெரிக்கா 1867இல் ரஷ்யாவிடமிருந்து 72 லட்சம் டாலருக்கு வாங்கியது. 1896இல் கனடாவின் குளோண்டைக் பகுதியில் தங்கம் கிடைத்ததும் மக்கள் வெள்ளம் அங்கு விரைந்தது. ஸ்காக்வே துறைமுகத்திலிருந்து மலையைக் கடக்க 1898இல் தொடங்கி 1900இல் முடிக்கப்பட்டது வொயிட் பாஸ் ரயில்பாதை. பாறையை வெடி வைத்துப் பிளந்து, உறைபனியில் தொங்கியபடி பல்லாயிரம் தொழிலாளர் அதனை அமைத்தனர். சுரங்க வணிகம் சரிந்ததால் 1982இல் நின்ற அந்த ரயில், 1988இல் சுற்றுலாப் பயணிகளுக்காகவே மீண்டும் ஓடத் தொடங்கியது. சீவர்டிலிருந்து ஃபேர்பேங்ஸ் வரை செல்லும் 750 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட அலாஸ்கா ரயில்பாதை 1923இல் நிறைவுற்றது. இன்று தெனாலி தேசியப் பூங்காவுக்குப் பயணிகளை ஏற்றிச் செல்வது இதுவே.

ரயிலுக்கு முன்பே அந்நிலத்தில் மக்கள் இருந்தனர். பனிப்பாறை விரிகுடாவில் வாழ்ந்த ஹூனா திலிங்கித் மக்களை, 18ஆம் நூற்றாண்டில் முன்னேறி வந்த பனிப்பாறை வெளியேற்றியது. பிறகு பனி பின்வாங்கியது. 2016இல் அம்மக்களின் குலவீடு ஒன்று அங்கு மீண்டும் எழுப்பப்பட்டது. கப்பலின் மேல்தளத்தில் நின்று பனிக்கட்டியைப் படமெடுக்கும் பிள்ளைக்கு இதனையும் சொல்ல வேண்டாமா?

திட்டமிடுவோருக்குச் சில குறிப்புகள்

1. காலம்: அலாஸ்காக் கப்பல்கள் பெரும்பாலும் மே முதல் செப்டம்பர் வரை ஓடுகின்றன. நமது ஆண்டிறுதி விடுமுறையில் அங்குக் கடுங்குளிர். உல்லாசக் கப்பல் இராது. ஆசிரியர்களும் பள்ளிப் பிள்ளைகள் உள்ளோரும் ஆண்டு நடுவில் வரும் விடுமுறையையே நம்ப வேண்டும். ஆகவே பல மாதங்களுக்கு முன்பே முடிவு செய்தல் நலம்.

2. ஆவணம்: இரு நாட்டு விசாக்களையும் பெற்ற பிறகே திருப்பித் தரப்படாத கட்டணங்களைச் செலுத்துங்கள். முன்பணம் கட்டுமுன் அதனை மீட்கும் விதிகளைப் படியுங்கள்.

3. வரிசை: முதியவர்களும் சிறுவர்களும் உடன் வந்தால் முதலில் தரை, பிறகு கப்பல் என்பதே என் பரிந்துரை. தரைப்பயணத்தில் நாள்தோறும் பெட்டி கட்ட வேண்டும். அதிகாலையில் எழ வேண்டும். களைப்பைக் கப்பலில் ஆற்றிக்கொள்ளலாம். தெனாலிப் பூங்காவில் ஓர் இரவுக்குப் பதில் இரண்டு இரவு தங்குங்கள். அங்குள்ள பெருமலையைப் பெரும்பாலான நாள்கள் மேகம் மூடியிருக்கும்.

4. உடை: கோடையிலும் அந்தக் கடற்கரை நம் கேமரன்மலை இரவைப் போலவோ அதைவிடவோ குளிரும், மழையும் மிகுதி. ஒரே தடித்த சட்டையைவிட அடுக்கடுக்கான உடையே ஏற்றது. உள்ளே மெல்லிய ஆடை, நடுவே கம்பளி, வெளியே மழை புகாத மேலங்கி. பருத்தி நனைந்தால் எளிதில் உலராது.

5. உணவு: சைவ உணவு வேண்டுவோர் பதிவு செய்யும்போதே எழுத்து வழி தெரிவியுங்கள். தரைப்பயணத்தில் வழியிலுள்ள சிற்றூர்களில் தெரிவு குறைவு.

ஆறாவது குறிப்பு

மேற்கண்டவற்றைப் பயண முகவரும் சொல்லுவார். ஆறாவது குறிப்பை ஓர் ஆசிரியராக நான் சொல்கிறேன். பெட்டி கட்டுமுன் பிள்ளைகளைத் தாத்தா பாட்டியிடம் அமர்த்துங்கள். நம் குடும்பத்தில் முதலில் கப்பலேறியவர் யார்? எந்தத் துறையில் ஏறினார், எங்கே இறங்கினார்? ரயிலேறி எந்தத் தோட்டத்திற்கு அல்லது எந்தக் குடியிருப்புக்குச் சென்றார்? கையில் என்ன கொண்டுவந்தார்? திரும்பிச் சென்றாரா? இவ்வைந்து வினாக்களுக்கான விடைகளை அவர்களே ஒரு குறிப்பேட்டில் எழுதட்டும். பின் அதே குறிப்பேட்டில் அலாஸ்காப் பயணத்தையும் எழுதட்டும்.

உலகம் சுற்றிய தமிழர் ஏ.கே. செட்டியார் தம் கப்பல் பயணங்களைக் கட்டுரைகளாக எழுதி வைத்தார். ஆதலால் அவை நமக்குக் கிடைத்தன. தளத்தில் பாய் விரித்துப் படுத்தவர்களுள் எழுதியவர் மிகச் சிலர். ரஜூலாவில் பத்து வயதுச் சிறுவராக வந்தவர் எவராயினும் இன்று அறுபதைக் கடந்தவராகவே இருப்பார். பலர் எண்பதையும் தாண்டியவர். அவர்கள் சொல்லாமல் மறைந்தால் அந்தச் செய்தியை எந்த நூலகத்திலும் தேடிப் பெற முடியாது.

எப்போது புறப்படுவது, எங்கே தங்குவது, எந்நாளில் வீடு திரும்புவது என்பதை இன்று நாமே முடிவு செய்கிறோம். முன்னோர் பலருக்குக் கிட்டாத உரிமை இது. குளிர்நாட்டுக் கப்பலுக்கு முன்பணம் கட்டும் நாளில், அவ்வுரிமை எப்படி நம் கைக்கு வந்தது என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லி வைப்போம். பயணம் போகாத வீடுகளும் அந்த ஐந்து வினாக்களைக் கேட்கலாம். அதற்குக் கட்டணம் இல்லை.

உங்கள் பிள்ளைகள் திரட்டும் விடைகளை என்னோடு பகிர்ந்துகொண்டால் வகுப்பறையில் பயன்படுத்த ஆவலாய் இருக்கிறேன். மீண்டும் அடுத்த கட்டுரையில் சந்திப்போம்.